மைவிக்கு எந்த மேனுவல், வீராவுக்கு எந்த மேனுவல்: வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களுக்கு

கார் வேலையை நாமே பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது ஸ்பானர் செட், அடுத்தது ஜேக், சிலர் ஆர்வக்கோளாறில் ஒரு ஸ்கேனரும் வாங்கிவிடுவார்கள். மேனுவல் ஞாபகம் வருவது பாதி கழற்றின பிறகுதான். அந்த நேரத்தில் கைப்பேசியில் தேடினால் என்னென்னவோ வரும், எது நம் வண்டிக்கு உரியது என்று தெரியாது, கையெல்லாம் கிரீஸ், கோலாலம்பூர் மழையும் நாலு மணிக்குச் சரியாக வந்து நிற்கும். அதனால் வண்டியில் கை வைப்பதற்கு முன்னாலேயே எந்த மேனுவல் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பெரோடுவா, புரோட்டோன், கொஞ்சம் வசதி இருந்தால் ஒரு ஜப்பான் வண்டி என்று வைத்திருக்கும் நமக்கு என்னென்ன வழி இருக்கிறது, எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று என் கணக்கைச் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டியின் பெயரைப் பார்த்து மேனுவல் வாங்காதீர்கள், எஞ்சின் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி ஒர்க்‌ஷாப் மேனுவல் கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம். ஹெய்ன்ஸ் மாதிரி கடையில் விற்கும் புத்தகம் பழைய புரோட்டோன் வைத்திருப்பவருக்கும், அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள நினைப்பவருக்கும் மட்டும். வீடியோ துணைக்கு இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

பெயரை நம்பாதீர்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் “மைவிக்கு வாட்டர் பம்ப்” என்று கேட்டால், கல்லாவில் இருக்கும் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “என்ஜின் அபா?” என்றுதான் கேட்பார். என்ன எஞ்சின் என்பது தெரியாமல் அவர் ஒரு சாமானையும் எடுத்துத் தர மாட்டார். மேனுவல் விஷயத்திலும் இதே கேள்விதான் முதல் கேள்வி.

நம் நாட்டு வண்டிகளில் பாதிக்கு வெளிநாட்டில் வேறு பெயர். 2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவி ஜப்பானில் டைஹாட்சு பூன், டொயோட்டா பாசோ. ஐரோப்பாவில் அதே உடம்போடு டைஹாட்சு சிரியோன் என்று விற்றது. ஆகவே மைவி மேனுவல் என்று தேடினால் வரும் பலன் சொற்பம், சிரியோன் எம்300 (அந்த உடம்பின் குறியீடு) என்று தேடினால் கதவு திறக்கும். 1.3 மைவியில் இருக்கும் கே3-விஇ எஞ்சின் முதல் தலைமுறை டொயோட்டா அவான்சா 1.3-இலும் இருக்கிறது, அதனால் அவான்சா மேனுவலும் ஓரளவுக்கு உதவும். ஓரளவுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவான்சாவில் எஞ்சின் நீளவாட்டில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது, மைவியில் குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுகிறது. எஞ்சினுக்குள்ளே இருக்கிற சங்கதி, அதாவது டைமிங் செயின், வால்வு, பிஸ்டன், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, இதெல்லாம் ஒத்துப்போகும். எஞ்சினை எப்படி வெளியே எடுப்பது, மவுண்டிங் எங்கே, கியர்பாக்ஸ் எப்படிப் பிரிகிறது என்ற அத்தியாயங்களை அப்படியே தாண்டிவிட வேண்டியதுதான்.

பெயரில் ஏமாறுவதற்குப் பேர்போன வண்டி பெர்சோனா. 1993-இல் இங்கே வந்த புரோட்டோன் வீராவை இங்கிலாந்தில் புரோட்டோன் பெர்சோனா என்றுதான் விற்றார்கள். நமக்குத் தெரிந்த பெர்சோனா 2007-இல் வந்தது, புரோட்டோன் ஜென்-2-இன் செடான் வடிவம், உள்ளே புரோட்டோனின் சொந்த எஞ்சினான கேம்ப்ரோ. ஆக இங்கிலாந்தில் அச்சான பெர்சோனா புத்தகத்தை ஆன்லைனில் மலிவாகப் பார்த்து, நம் 2008 பெர்சோனாவுக்கு என்று வாங்கினால், கையில் வந்து சேர்வது வீரா புத்தகம். வீரா வைத்திருப்பவருக்கோ அதே புத்தகம் புதையல், ஆனால் அவர் வீரா என்று தேடியிருப்பார், அது கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு கண்ணி எழுத்தில் இருக்கிறது. 2017-க்குப் பிறகு வந்த மைவி 1.5-இல் இருப்பது 2என்ஆர்-விஇ. 2016 கடைசியிலிருந்து டொயோட்டா வியோஸில் வந்தது 2என்ஆர்-எஃப்இ. முன்பாதி ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வியோஸ் மேனுவலை இறக்கி மைவியில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஒரே எஞ்சின் இல்லை. கடைசி இரண்டு எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் அந்த மேனுவலின் எண்களை நம்பக் கூடாது. மைவி 1.5-க்குப் பக்கத்தில் வருவது 2என்ஆர்-விஇ போட்டிருக்கும் ரஷ், அவான்சா வகையறாதான், அங்கேயும் மேலே சொன்ன குறுக்கு நெடுக்குப் பிரச்சினையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எஞ்சின் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டி கிராண்டில், அதாவது பதிவுச் சான்றிதழில், எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் இருக்கும். எஞ்சின் எண்ணின் முன்பகுதியிலேயே பெரும்பாலும் குறியீடு தெரிந்துவிடும். பானெட்டைத் திறந்தால் ஒரு சின்னத் தகட்டில் மாடல் குறியீடும் அடித்திருக்கும். பழைய வண்டியாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ஹாஃப்-கட், அதாவது பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி, வாங்கி எஞ்சின் மாற்றின வண்டிகள் நம் ஊரில் ஏராளம். உடம்பு வீரா, எஞ்சின் வேறு என்றால் உங்களுக்கு இரண்டு மேனுவல் வேண்டும், ஒன்று உடம்புக்கு, ஒன்று எஞ்சினுக்கு.

டாஷ்போர்டில் சும்மா கிடக்கிற புத்தகம்

வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலை யாரும் மதிப்பதில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இன்ஷூரன்ஸ் காகிதத்தோடு கிடக்கும். அதில் ரிப்பேர் வழி எதுவும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் ஆயில் எந்தத் தரம், எத்தனை லிட்டர், கூலண்ட் எது, ஆட்டோ கியர் ஆயில் எது, ஃபியூஸ் எது எங்கே, பல்பு என்ன வாட், ஜேக்கை எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது, சக்கர நட்டை எவ்வளவு இறுக்குவது, இத்தனையும் அதில் இருக்கிறது. வியோஸுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிட்டிக்கு 108. இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போய் நின்று, பையன் காற்றுத் துப்பாக்கியால் நட்டை டர்ரென்று இறுக்குவதைப் பார்த்தால் வயிறு கலங்கும், அது வேறு கதை.

அதில் இன்னொரு பகுதியும் முக்கியம். சர்வீஸ் அட்டவணையில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் கடுமையான ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஃபெடரல் ஹைவேயில் காலையும் மாலையும் ஊர்வதும், பினாங்குப் பாலத்தில் வெயிலில் நின்று நின்று போவதும் கடுமையான ஓட்டத்தில்தான் சேரும். நம்மில் பலர் சாதாரண அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஏர்கான் ஃபில்டர், வைப்பர், பேட்டரி, பல்பு, இதற்கு மேல் போகிற எண்ணம் இல்லை என்றால் இந்த ஒரு புத்தகமே போதும். வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, புத்தகம் கூடவே வரவில்லை என்றால் முதலில் தேட வேண்டியதும் இதைத்தான்.

கடைப் புத்தகம்: ஹெய்ன்ஸும் அதன் கூட்டமும்

ஹெய்ன்ஸ் என்பது இங்கிலாந்துக் கம்பெனி. ஜான் ஹெய்ன்ஸ் 1960-இல் ஆரம்பித்தது, ஒர்க்‌ஷாப் மேனுவல் வரிசையில் முதல் புத்தகம் 1966-இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு வந்தது. அவர்களுடைய முறை என்னவென்றால், நிஜமாகவே ஒரு வண்டியை வாங்கி, முழுவதும் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி, ஒவ்வொரு படிக்கும் படம் எடுத்து எழுதுவது. அதனால்தான் அந்தப் புத்தகங்களில் ஒரு வேலையைச் செய்து பார்த்தவனின் குரல் கேட்கும். “இந்த போல்ட்டுக்குக் கை எட்டாது, முதலில் பேட்டரியை எடுத்துவிடு” என்பது மாதிரி. ஒவ்வொரு வேலைக்கும் ஸ்பானர் படம் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை கஷ்டத்தைக் காட்டுவார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட உபயோகமான குறிப்பு இல்லை. ஒரு ஸ்பானர் வேலையா, இறங்கு. நாலு ஸ்பானரா, போர்மேனைக் கூப்பிடு.

குறையும் உண்டு. “மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை” என்ற ஒரே வரியில் பல அத்தியாயங்களை முடித்துவிடுவார்கள். கழற்றும்போது இடித்து வெளியே வந்த சாமான், மாட்டும்போது ஏன் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்பதற்கு அந்த வரியில் பதில் இருக்காது.

நமக்கு இன்னும் பெரிய குறை, அந்தப் புத்தகங்கள் குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதினவை. உறைபனிக்கு எதிராகக் கூலண்டில் எவ்வளவு கலப்பது, ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது, உப்புப் போட்ட ரோட்டில் ஓடி அடிப்பக்கம் துரு பிடித்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருக்கும். மலேசியாவில் பல உள்ளூர் வண்டிகளில் ஹீட்டரே கிடையாது. நமக்கு உயிர்நாடியான ஏர்கானுக்கு வந்தால், “கேஸ் இருக்கும் பகுதியைத் திறக்காதே, நிபுணரிடம் போ” என்று ஒதுங்கிவிடுவார்கள். கேஸ் விஷயத்தில் அது சரியான புத்திமதிதான். ஆனால் குளோவ் பாக்ஸைக் கழற்றி புளோவரை எடுத்துச் சுத்தம் செய்வது, கூலிங் காயில் அழுக்கைப் பார்ப்பது, தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டு காலடி மேட் நனைவது, இப்படி நம் ஊரில் மாதா மாதம் எவருக்காவது வரும் தொல்லைகளுக்கு அங்கே அரைப் பக்கம்கூடத் தேறாது.

இன்னொன்று, இங்கிலாந்து மாதிரி அவர்களுடைய சந்தைகளில் ஓடாத வண்டிக்கு அவர்கள் புத்தகம் போடுவது அபூர்வம். அங்கே போய் விற்ற புரோட்டோன்களுக்கு 1989 முதல் 1997 வரை என்று ஒரு ஹெய்ன்ஸ் புத்தகம் உண்டு, அது மிட்சுபிஷி எஞ்சின் காலம், 4ஜி13, 4ஜி15 எல்லாம் ஓடின காலம். பினாங்குப் பாலமும் சாகாவும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள், 1985. அந்தச் சாகாவின் மூலம் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்பதால் பழைய லான்சர் புத்தகங்களும் சாகாக்காரருக்குப் பாதிக்கு மேல் உதவும். 2004-இல் ஜென்-2-ஓடு கேம்ப்ரோ வந்ததும் இந்த உறவு அறுந்துபோனது. அது புரோட்டோனின் சொந்த எஞ்சின், லான்சர் புத்தகத்தை வைத்து அதைத் தொடக் கூடாது. இன்றைக்கு எக்ஸ்70, எக்ஸ்50 வைத்திருப்பவர்களுக்கு மூலம் சீனாவின் ஜீலி. அதற்குக் கடைப் புத்தகம் என்று ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம், 2020-இலேயே ஹெய்ன்ஸ் இனிப் புது வண்டிகளுக்கு அச்சில் மேனுவல் போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டது.

அமெரிக்கப் புத்தகங்கள், சில்டன் மாதிரி, வேறு ரகம். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் பிரேக் மாஸ்டர் பம்ப், ஸ்டியரிங் ராட், டாஷ்போர்டு வேலை எல்லாம் தலைகீழாக இருக்கும். ஆனால் 2007-இலிருந்து 2013 வரை இங்கே ஓடின வியோஸும் அதே காலத்து அமெரிக்க யாரிஸ் செடானும் ஒரே வண்டி, எஞ்சினும் அதே 1என்இசட்-எஃப்இ. எஞ்சின் வேலைக்கு அந்த யாரிஸ் மேனுவல் தாராளமாகப் பொருந்தும்.

பழைய புத்தகத்தை எங்கே தேடுவது என்றால், பினாங்குக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகள். பள்ளிக்கூடப் புத்தகக் குவியலுக்கு அடியில் இப்படிப்பட்டவை தலைகாட்டும் நாளும் உண்டு, ஒன்றும் இல்லாமல் தும்மிக்கொண்டே திரும்பும் நாளும் உண்டு. “அண்ணே, கார் ரிப்பேர் புக்கு ஏதும் வந்திச்சா?” என்று கேட்டுவைத்துவிட்டு வந்தால் அடுத்த தடவை எடுத்து வைத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் பிரேக் அத்தியாயத்தையும் கடைசியில் இருக்கும் வயரிங் படத்தையும் பிரித்துப் பாருங்கள். பழைய சொந்தக்காரர் கிழித்துக்கொண்டு போயிருந்தால் அந்த இரண்டு இடத்தில்தான் கிழித்திருப்பார்.

கம்பெனி மேனுவல்

இது ஒர்க்‌ஷாப்காரர்களுக்காகக் கம்பெனியே எழுதுவது. கற்றுக்கொடுக்கிற நோக்கம் இதற்குக் கிடையாது. படிப்பவனுக்கு ஏற்கெனவே வேலை தெரியும் என்று எடுத்துக்கொண்டு பேசும். “ஸ்பெஷல் டூல் எண் இன்னது கொண்டு எடுக்கவும்” என்று போட்டிருக்கும், அந்த டூல் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கவலை அதற்கு இல்லை. ஹெய்ன்ஸாக இருந்தால் பழைய சாக்கெட்டையும் இரண்டு வாஷரையும் வைத்து ஒரு மாற்று வழி சொல்லியிருக்கும்.

அப்படி இருந்தும் ஏன் இதற்கு முதலிடம்? எண்களுக்காகவும் படங்களுக்காகவும். ஒரு பகுதியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டும் படத்தில், எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்த கேஸ்கெட் திரும்பப் போடக் கூடாது, எந்த போல்ட்டு நீளம் எந்தத் துளைக்கு என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். இங்கிலீஷ் அவ்வளவாக வராத அப்பாக்கள், மாமாக்கள்கூட அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவார்கள்.

பின் சக்கர டிரம் பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மைவி, பெரோடுவா கஞ்சில், பெரும்பாலான வீரா எல்லாவற்றிலும் பின்னால் டிரம்தான். உள்ளே ஷூ இரண்டு, ஸ்பிரிங்குகள், நடுவில் ஒரு அட்ஜஸ்டர். அந்த அட்ஜஸ்டரின் மரை பல வண்டிகளில் இடது சக்கரத்துக்கு ஒரு திசையிலும் வலது சக்கரத்துக்கு எதிர்த் திசையிலும் வெட்டியிருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்துச் சிமெண்டுத் தரையில் பரப்பி வைத்து, மாற்றிப் போட்டுவிட்டால், பிரேக் தேயத் தேய இறுக வேண்டிய அட்ஜஸ்டர் இறுகாது, பெடல் நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டே இருக்கும். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். வீடியோவில் பெரும்பாலும் ஒரு சக்கரத்தை மட்டும்தான் காட்டுவார்கள், இதைச் சொல்ல அவர்களுக்கு அவசியமே வராது. கம்பெனி மேனுவலில் இடது, வலது என்று தனியாகக் குறித்திருக்கும். மேனுவல் இருந்தாலும் ஒரு பக்கத்தை முழுவதும் பூட்டி முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் திறங்கள், திறக்காத பக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.

அடுத்தது டார்க், அதாவது போல்ட்டை இறுக்கும் அளவு. ஜப்பான் கம்பெனி மேனுவல்களில் ஒரே இறுக்கத்தை மூன்று அளவில் போட்டிருப்பார்கள்: 103 நியூட்டன் மீட்டர், 1050 கிலோ-சென்டிமீட்டர், 76 பவுண்ட்-அடி, மூன்றும் ஒன்றே. அமெரிக்கப் பதிப்பு என்றால் சின்ன போல்ட்டுகளுக்குப் பவுண்ட்-அங்குலம் என்று ஓர் அளவும் வரும். எஞ்சின் மேல்மூடியைப் பிடிக்கும் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 89 பவுண்ட்-அங்குலம் என்று போட்டிருந்தால் அது பத்து நியூட்டன் மீட்டர்தான், இரண்டு விரலால் ரேட்செட்டைப் பிடித்து இறுக்குகிற அளவு. அதையே 89 பவுண்ட்-அடி என்று படித்துவிட்டால் 120 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டைவிட அதிகம். அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்னாலேயே போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும், மிச்சம் அலுமினியத்துக்குள் சிக்கிக்கொள்ளும், அதை எடுக்க ஆகும் செலவில் பல வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றியிருக்கலாம். எனவே மேனுவல் வாங்கும்போது நியூட்டன் மீட்டர் போட்டிருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் டார்க் ரெஞ்சும் அதே அளவில் இருக்கட்டும்.

ஆட்டோ கியர் ஆயில் பார்க்கும் முறைகூடக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிப்ஸ்டிக் இருக்கும் டொயோட்டா வகை கியர்பாக்ஸில் வண்டி சூடான பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய ஆட்டோ கியர்பாக்ஸில் சூடான பிறகு எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்தால் ஆயில் அளவு தப்பாகத் தெரியும், இல்லாத குறைக்கு ஊற்றுவீர்கள், அல்லது இருக்கிற குறையைக் கவனிக்காமல் விடுவீர்கள். மேனுவல் கியர் வண்டி என்றால் எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள், வடிக்கிற போல்ட்டுக்கு முன் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றுகிற போல்ட்டு துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இதை வாங்குவதில்தான் சிக்கல். டொயோட்டா, ஹோண்டா மாதிரிக் கம்பெனிகள் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் காசு கட்டிச் சில நாளைக்கு மட்டும் மேனுவலை ஆன்லைனில் பார்க்கிற வசதி வைத்திருக்கின்றன. ஒரு பெரிய வேலை வரும்போது அந்தச் சில நாளுக்குக் கட்டி, தேவையான பக்கங்களைப் படித்துக் குறித்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. அமெரிக்காவில் விற்காத பெரோடுவாவுக்கு அது உதவாது, ஒரே எஞ்சின் உள்ள உறவுக்கார வண்டி அங்கே விற்றிருந்தால் மட்டும் பார்க்கலாம். அங்கங்கே மலிவாக விற்கும் பிடிஎஃப் கோப்புகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். உரிமை விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்த வருஷத்துப் பதிப்பு, எந்த எஞ்சினுக்கு உரியது என்றே தெரியாமல் மூன்று வண்டிப் பக்கங்களை ஒன்றாகத் தைத்து விற்கிறார்கள். தப்பான எண் போட்ட மேனுவலைவிட மேனுவல் இல்லாமல் இருப்பது மேல், குறைந்தபட்சம் பயமாவது இருக்கும்.

வீடியோ

வீடியோவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பம்பர் கிளிப் எந்தத் திசையில் இழுத்தால் உடையாமல் வரும், டோர் பேனலை எங்கே நெம்ப வேண்டும், இதையெல்லாம் அச்சில் எத்தனை முறை படித்தாலும் புரியாது, பத்து விநாடி பார்த்தால் புரிந்துவிடும். மைவிக்கு மலாயில் நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நம் ஊர்ப் பையன்கள் நம் ஊர் வண்டியை நம் ஊர் வெயிலில் பிரித்துக் காட்டுகிறார்கள். ஏர்கான் தொல்லைகளுக்குக் கடைப் புத்தகங்கள் விட்ட இடத்தை இவர்கள்தான் நிரப்புகிறார்கள்.

தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோ. விளக்கம் அருமையாக இருக்கும், ஆனால் வண்டியைக் கவனியுங்கள். ஸுஸுகி ஸ்விஃப்ட் அங்கேயும் உண்டு இங்கேயும் உண்டு, 2005 வாக்கில் வந்த உடம்பு பார்க்க ஒன்றுதான். அங்கே அதில் 1.3 பெட்ரோல், பிறகு டீசல். இங்கே நமக்கு வந்தது 1.5 எம்15ஏ. சஸ்பென்ஷன், கதவு, விளக்கு வேலைக்குப் பார்க்கலாம், எஞ்சின் வேலைக்கு அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

வீடியோவின் உண்மையான குறை வேறு. அதில் வேலை எப்போதும் நடந்துமுடிந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டை எடுக்க அவர் பட்ட பாட்டை வெட்டிவிட்டு, கழன்ற போல்ட்டை மட்டும் காட்டுவார். இறுக்கும்போது “நல்லா டைட் பண்ணிக்குங்க” என்பார். நல்லா என்பது எத்தனை நியூட்டன் மீட்டர்?

அமெரிக்க ஒர்க்‌ஷாப்கள் காசு கட்டிப் பயன்படுத்தும் ஆல்டேட்டா மாதிரித் தகவல் களஞ்சியங்கள் வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. சிஜில் கெமாஹிரான் மலேசியா என்ற தொழில்திறன் சான்றிதழுக்குப் படிக்கிற தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுடைய மலாய் நோட்ஸை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எந்த வண்டியின் எண்ணும் அதில் இருக்காது, பிரேக் ஏன் பிடிக்கிறது, கூலண்ட் எந்த வழியாகச் சுற்றுகிறது என்பது விளங்கும்.

சரி, யாருக்கு எது

பழைய சாகா, இஸ்வாரா, வீரா வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். கடைப் புத்தகம் ஒன்று வாங்குங்கள், இங்கிலாந்துப் பெயரில் தேடி வாங்குங்கள். எஞ்சின் அறையில் கை நுழைய இடம் இருக்கிறது, பெரும்பாலான வேலை ஒன்று, இரண்டு ஸ்பானர் வேலை, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி கிடையாது. டைமிங் பெல்ட் அத்தியாயத்தை மட்டும் வேலை நாளுக்கு முந்தின இரவே படித்துவிடுங்கள், குறிகள் எங்கே எங்கே என்று வண்டியிலும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் இரண்டு தலைமுறை மைவி, விவா, அல்சா என்றால் ஓனர்ஸ் மேனுவல், அதோடு உங்கள் எஞ்சின் குறியீட்டுக்கு உரிய கம்பெனி மேனுவல், பார்ப்பதற்கு மலாய் வீடியோ. முதல் அல்சாவுக்கும் ஜப்பானில் உறவு உண்டு, டொயோட்டா பாசோ செட்டே. அந்தப் பெயரில் தேடுவது பலன் தரும், ஜப்பானிய மொழியில் கிடைத்தால் படத்துக்காக வைத்துக்கொள்ளலாம். கடைப் புத்தகத்துக்கு ஒதுக்கின காசை ஒரு நல்ல டார்க் ரெஞ்சில் போடுங்கள்.

வியோஸ், சிட்டி வைத்திருந்து பிளக், பிரேக் பேட், கூலண்ட் வரை போகிறவர்களுக்கு, அதே எஞ்சின் உள்ள வண்டி அமெரிக்காவில் விற்றிருந்தால், அந்தச் சில நாள் சந்தா வழிதான். தேவைப்படும்போது கட்டினால் போதும், வருஷச் சந்தா வேண்டாம்.

வாரன்டியில் இருக்கும் புது வண்டிக்கு எதுவும் வாங்காதீர்கள். பெரோடுவா ஐந்து வருஷம் அல்லது 150,000 கிலோமீட்டர் வாரன்டி கொடுக்கிறது, அதைக் காப்பாற்றச் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழுந்துகொண்டே இருக்கட்டும். 2021 கடைசியில் வந்த மைவியிலிருந்து உள்ளே இருப்பது சிவிடி வகை ஆட்டோ கியர்பாக்ஸ், அதைக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு சாதாரண ஆட்டோ கியர் ஆயிலால் (ஏடிஎஃப்) நிரப்பிவிட்டு மேனுவலைத் தேடுவதில் அர்த்தமில்லை.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் மேனுவல் வாங்குமுன் மேனேஜ்மெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் பார்க்கிங்கில் வண்டி பிரிக்க விட மாட்டார்கள். வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதில் எந்த வெளிநாட்டுப் புத்தகமும் உதவாது. இங்கே பழைய எஞ்சின் ஆயில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு, அதாவது அரசு பட்டியலிட்ட அபாயக் கழிவு, கால்வாயில் ஊற்றக் கூடாது. மூடி உள்ள கேனில் அடைத்துப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், அவர்களிடம் டிரம் இருக்கும், எடுத்துக்கொள்வார்கள்.

ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்கு ஓனர்ஸ் மேனுவல் மட்டும். டயர் காற்று, வைப்பர் தண்ணீர், ஏர்கான் ஃபில்டர் பாருங்கள். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர் ஓடுகிற இடத்தில் எந்த மேனுவல் கையில் இருந்தாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு போன் போடுங்கள்.